மணற்கரையில் நகரம் முளைக்கவில்லை: ஐரோப்பியக் குடியேற்ற வரலாறு குறித்த ஒரு மறுப்பு

சோழமண்டலக் கரையின் துறைமுக நகரங்களை ஐரோப்பியக் கடலோடிகளே நிறுவினார்கள் என்ற கருத்து, பள்ளிப் பாடம் முதல் சுற்றுலாக் கையேடு வரை தமிழகத்தில் ஏறத்தாழ எதிர்ப்பின்றி நிலவி வருகிறது. ஓவே கெட்டே தரங்கம்பாடியை உருவாக்கினார், பிரான்சிஸ் டே சென்னையை உருவாக்கினார், பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியை உருவாக்கினார் என்னும் மூன்று வாக்கியங்களில் பதினேழாம் நூற்றாண்டின் வரலாறு முடிந்துவிடுகிறது. உள்நாட்டைப் பற்றிய பேச்சே அங்கு எழுவதில்லை. கல்வராயன் மலையடிவாரத்துச் சங்கராபுரத்திலோ தியாகதுருகத்திலோ படிக்கும் மாணவர், வரலாறு என்பது கப்பலில் வந்து கடற்கரையில் இறங்கியது என்றும், தம் ஊர் அதற்கு வெளியே கிடந்தது என்றும் கற்றுக்கொள்கிறார். இக்கருத்து சான்றுகளுக்குப் பொருந்தாதது என்பதையும், அதன் விளைவுகள் இன்றும் தொடர்கின்றன என்பதையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மறுக்கப்படும் கருத்தை அதன் முழு வலிமையோடு முதலில் எடுத்துரைப்பது முறை. அது மூன்று தூண்களின்மேல் நிற்கிறது. முதலாவது, துணிவு: பாதிக் கப்பலாட்கள் வழியிலேயே நோயில் மடியக்கூடிய நெடும் பயணத்தை மேற்கொண்டு, மொழி தெரியாத கரையில் இறங்கிக் கோட்டை எழுப்பியவர்களின் மனவலிமையை எவரும் மறுக்க முடியாது. இரண்டாவது, ஆவணம்: நகரங்களின் பிறப்பு குறித்த கடிதங்கள், கணக்கேடுகள், வரைபடங்கள் ஆகியவற்றில் பெரும்பகுதி ஐரோப்பிய வணிகக் குழுமங்களின் எழுத்தர்கள் விட்டுச் சென்றவை, எழுதி வைத்தவர் கூற்றையே வரலாறு பின்பற்றுவது இயல்பு. மூன்றாவது, விளைவு: 1639-இல் சில சிற்றூர்களாக இருந்த நிலப்பரப்பு, புனித ஜார்ஜ் கோட்டை எழுந்தபின் ஒரு பெருநகராக வளர்ந்தது, கோட்டை எழாமல் இருந்திருந்தால் அந்நகரம் அவ்விடத்தில் அவ்வடிவில் தோன்றியிருக்காது. இம்மூன்றும் பொருட்படுத்தத்தக்க வாதங்களே. ஆயினும் துணிவிலிருந்தும் ஆவணத்திலிருந்தும் விளைவிலிருந்தும் ‘ஆகவே அவர்களே படைத்தார்கள்’ என்ற முடிவுக்குத் தாவுவதில்தான் பிழை இருக்கிறது. அப்பிழையைக் கீழ்வரும் மறுப்புகள் ஒவ்வொன்றாகக் காட்டும்.

1. வெறுங்கரை என்று ஒன்று இருந்ததே இல்லை

எந்தக் கரையில் எவரும் இல்லாத மணல் கிடந்தது? தரங்கம்பாடியில் டேனியர் இறங்குவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 1306-இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் கடலோரத்தில் நின்றது. அவ்வூர் கல்வெட்டுகளில் பெயர் பெற்ற பட்டினமாகவே இருந்தது. சென்னைக் கோட்டைக்கு அருகிலுள்ள திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலில் பல்லவன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. மயிலாப்பூரில் போர்த்துகீசியர் சாந்தோம் என்னும் தம் குடியிருப்பை அமைத்து ஒரு நூற்றாண்டு கழித்தே ஆங்கிலேயர் அங்கு வந்தனர். புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில், 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு, ரோமானியப் பேரரசோடு நடந்த வணிகத்தின் தடயங்களை வெளிக்கொணர்ந்தது. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் கால்வைத்த 1673 பிப்ரவரியில்கூட அவர்களின் முதல் அதிகாரி பெல்லாங்கே தெ லெஸ்பினே தங்கியது அங்கே முன்னரே இருந்த டேனியப் பண்டகசாலையில்தான்.

இதற்கு ஒரு மறுமொழி கூறப்படுவதுண்டு: ஊர்கள் இருந்தன, நகரங்கள் இல்லை என்பது அது. புதுச்சேரியிலேயே இதற்கு விடை இருக்கிறது. 1748-இல் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயின் ஆட்சியில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை, அந்நகரின் தலைமைத் துபாஷி (இருமொழி அறிந்து வணிகத்தையும் அரசியலையும் இடைநின்று நடத்தியவர்) ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிவு செய்தார். இடிப்பதற்கு ஒரு பெருங்கோயிலும், அது இடிக்கப்பட்டபோது கொதித்தெழ ஒரு குடிமக்கள் திரளும் அங்கே இருந்தன. தமக்கு முந்தையதை அழித்தவர்களை, அங்கே முன்னர் ஒன்றும் இல்லாதிருந்ததைப்போல் படைப்பாளர்கள் என்று அழைப்பது, அழிவை இரண்டாம் முறை நிகழ்த்துவதற்கு ஒப்பாகும்.

2. நிலம் கைப்பற்றப்படவில்லை, கேட்டுப் பெறப்பட்டது

கோட்டை எழுப்பியவர் எவரும் அக்காலத்தில் அந்நிலத்தின் உரிமையாளர் அல்லர். 1620 நவம்பரில் தஞ்சை நாயக்கர் இரகுநாதர் டேனியரோடு செய்துகொண்ட உடன்படிக்கை, ஆண்டுக் கப்பத்தின் பேரில் தரங்கம்பாடியில் கோட்டை கட்டவும் வணிகம் செய்யவும் அனுமதித்தது. கப்பம் நிலுவையானபோது தஞ்சைப் படை ஊரை முற்றுகையிட்டது. 1639-இல் பிரான்சிஸ் டே பெற்றது, சந்திரகிரியிலிருந்து ஆண்ட விஜயநகர மன்னருக்குக் கீழிருந்த தாமர்ல வேங்கடப்ப நாயக்கரின் கவுல், அதாவது சலுகைகளையும் கடமைகளையும் குறித்து ஆட்சியாளர் எழுதிக் கொடுக்கும் உறுதிச்சீட்டு. துறைமுகச் சுங்கத்தில் பாதி நாயக்கருக்குரியது என்பது அதன் கூறுகளில் ஒன்று. பின்னர் அப்பகுதி கோல்கொண்டாவின் கைக்கு மாறியபோது, 1672-இல் ஆண்டுக்கு 1200 வராகன் செலுத்துவதாக ஆங்கிலேயர் புதிய உடன்பாட்டுக்கு வந்தனர். வாடகை செலுத்துவோர் குடியிருப்பவரேயன்றி, நிறுவனர் ஆகார்.

அனுமதி கொடுத்தவர்கள் அறியாமையால் கொடுக்கவில்லை என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது. பீஜப்பூர் சுல்தானின் ஆளுநராக வாலிகண்டபுரத்தில் இருந்த ஷேர்கான் லோடிக்கும், செஞ்சியில் அதே சுல்தானின் பெயரால் ஆண்ட நாசிர் முகம்மதுக்கும் தீராப் பகை இருந்தது. கரையில் டச்சுக்காரரின் செல்வாக்கு ஓங்கிக்கொண்டிருந்தது. துப்பாக்கியும் பணமும் கொண்ட வேறொரு ஐரோப்பிய அணியைத் தம் பக்கம் வைத்துக்கொள்வது ஷேர்கானுக்குத் தேவைப்பட்டது. அவர் கொடுத்த இடமே புதுச்சேரி. 1676-இல் வழுதாவூரைக் கைப்பற்ற அவருக்குப் பிரெஞ்சுக்காரர்கள் துணை நின்றனர். 1677-இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றித் திருவதிகை அருகே ஷேர்கானை முறியடித்ததும், மார்த்தேன் செய்த முதல் வேலை சிவாஜியிடம் தூதனுப்பித் தம் இருப்புக்கு இசைவு பெற்றதுதான். செஞ்சிக் கோட்டை கைமாறினால் புதுச்சேரியின் தலைவிதியும் மாறும் என்பதை மார்த்தேன் நன்கறிந்திருந்தார். அவரைப் போற்றும் பிற்கால எழுத்தாளர்கள்தாம் அதை மறந்தனர்.

3. குடியிருப்பை உயிர்ப்பித்தது துணியும் கடனும்

கோட்டைச் சுவர் நகரை உருவாக்குவதில்லை; அதற்குள் வாங்கி விற்கப்படும் பொருளே உருவாக்குகிறது. ஐரோப்பியர் இக்கரைக்கு வந்ததற்கு முதற்காரணம் பருத்தித் துணி. தென்கிழக்கு ஆசியத் தீவுகளில் மிளகுக்கும் கிராம்புக்கும் சாதிக்காய்க்கும் ஈடாகக் கொடுக்கத் தமிழகத்தின், ஆந்திரத்தின் வண்ணத்துணி வேண்டியிருந்தது. அத்துணி கடற்கரையில் விளையவில்லை. கரிசல் நிலத்தில் பருத்தி விளைந்தது, உள்நாட்டு ஊர்களில் நூற்கப்பட்டது, நெசவாளர் தெருக்களில் நெய்யப்பட்டது, சாயவேரின் செந்நிறமும் அவுரியின் நீலமும் ஏற்றப்பட்டு, பொதிமாடுகளில் துறைமுகத்துக்கு வந்தது. இவ்வேலைகள் அனைத்துக்கும் முன்பணம் வேண்டும். குழுமம் உள்ளூர்ப் பெருவணிகரிடம் பணம் கொடுக்க, அவர் சிறு தரகரிடமும், தரகர் நெசவாளரிடமும் கொடுத்துத் துணியைத் திரட்டினர். நெசவாளர் யார், அவர் தரம் எத்தகையது, எந்த ஊரில் எவ்வளவு நெய்ய முடியும் என்ற அறிவு முழுவதும் இந்த இடைநிலையினரிடமே இருந்தது.

சென்னையின் தொடக்க ஆண்டுகளில் பேரி திம்மண்ணா, அடுத்த தலைமுறையில் காசி வீரண்ணா ஆகியோர் குழுமத்தின் வணிகத்தை நடத்திக்கொடுத்த பெருவணிகர்கள். அவர்களின் பெயர்கள் இன்றி அந்நகரின் முதல் நாற்பது ஆண்டுக் கணக்குகளை எழுத முடியாது. அதேபோல் உழைப்பாளரின் விலகலும் நகரை நிறுத்தக்கூடியதாக இருந்தது. 1680-இல் சென்னையின் சாயக்காரர்கள் ஊரைவிட்டு வெளியேறிச் சாந்தோமில் கூடி, கோட்டைக்குச் செல்லும் சரக்கையும் உணவையும் தடுத்தபோது, பீரங்கிகளைக் கொண்ட ஒரு கோட்டை தூரிகை பிடித்தவர்களோடு பேரம் பேச வேண்டியதாயிற்று. நிறுவியவர் ஒருவரே என்றால், அந்த ஒருவர் இல்லாமலும் நகரம் இயங்கியதற்கும், உழைப்பாளர் நகர்ந்தவுடன் அது நின்றதற்கும் விளக்கம் என்ன?

4. தோல்விகளே உண்மையைச் சொல்கின்றன

துணிவுதான் நகரைப் படைத்தது என்றால், துணிவு மிகுந்த முயற்சிகள் ஏன் அழிந்தன? இக்கேள்விக்கு உலக வரலாற்றின் மிகத் தெளிவான சான்று அமெரிக்காவில் ஸ்பெயினின் முதல் குடியேற்ற முயற்சியில் கிடைக்கிறது. ஜெனோவாவில் பிறந்து ஸ்பெயின் அரசின் செலவில் கடல் கடந்த கொலம்பஸ், 1492 கிறிஸ்துமஸ் நாளில் சாந்தா மரியா கப்பல் தரைதட்டி உடைந்தபின், இன்றைய ஹைத்தியின் வடகரையில் ‘லா நவிதாத்’ என்னும் காவலிடத்தை அக்கப்பலின் மரங்களைக் கொண்டே எழுப்பி, 39 பேரை அங்கே விட்டுச் சென்றார். உடைந்த கப்பலின் சரக்கைக் கரைசேர்க்க உதவியவர் குவாக்கனகாரி என்னும் தைனோ மக்கள் தலைவர். அடுத்த ஆண்டு நவம்பரில் கொலம்பஸ் திரும்பியபோது காவலிடம் எரிந்து கிடந்தது. அங்கே விடப்பட்டவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. தங்கத்தையும் பெண்களையும் தேடி அவர்கள் அண்டை ஊர்களைச் சூறையாடியதே அதற்குக் காரணம் என்பது அப்போதே வெளிப்பட்டது.

இரண்டாம் முயற்சியில் 17 கப்பல்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரும் இருந்தனர். 1494 ஜனவரியில் நிறுவப்பட்ட ‘லா இசபெலா’வில் தேவாலயம், பண்டகசாலை, கொலம்பஸின் கல்வீடு எல்லாம் எழுந்தன. நிலத்தில் உழைப்பதை இழிவாகக் கருதிய வீரர்கள் தைனோ மக்களின் உணவைப் பறித்தனர். 14 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கொரு முறை குறிப்பிட்ட அளவு பொன் செலுத்த வேண்டும் என்ற ஆணை பிறந்தது. 1495-இல் சுமார் 500 பேர் அடிமைகளாக ஸ்பெயினுக்கு ஏற்றப்பட்டனர். நோயும் பட்டினியும் கலகமும் சூழ, ஐந்து ஆண்டுகளுக்குள் லா இசபெலா கைவிடப்பட்டது. கப்பல்களோ படையோ அரசியின் ஆதரவோ குறைவாக இருந்ததால் அது அழியவில்லை. அந்நிலத்தின் மக்களோடு உண்ணவும் கொடுக்கவும் வாங்கவும் கூடிய உறவு அறுந்ததால்தான் அழிந்தது.

தமிழகத்திலும் ஈழத்திலும் இதே விதி செயல்பட்டது. 1618-இல் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்ட கெட்டே முதலில் நாடியது தரங்கம்பாடியை அன்று, இலங்கையை. கண்டி மன்னர் செனரத்தின் பெயரால் மார்செலிஸ் போஷவர் டென்மார்க்கில் செய்திருந்த உடன்படிக்கையை மன்னர் ஏற்க மறுத்தார். திருகோணமலையில் தொடங்கிய கோட்டை வேலை கைவிடப்பட்டது. கெட்டேக்கு முன்னரே அனுப்பப்பட்ட ரோலண்ட் கிராப்பேயின் ‘ஓரசுண்ட்’ கப்பலைப் போர்த்துகீசியர் 1619-இல் காரைக்கால் அருகே அழித்தனர். கடலிலிருந்து தப்பிய கிராப்பேக்குப் புகலிடமும், பின்னர் பேச்சுவார்த்தைக்கு வழியும் கொடுத்தது தஞ்சை அரண்மனை. அதாவது தரங்கம்பாடி பிறந்தது ஒரு மாலுமியின் வெற்றியால் அன்று, கப்பலை இழந்த ஒருவருக்குத் தஞ்சை கொடுத்த இடத்தால்.

பிரெஞ்சு முயற்சியும் அவ்வாறே. 1672-இல் பெரும் கப்பற்படையோடு வந்த தெ லா ஹே சாந்தோமைப் படைபலத்தால் கைப்பற்றினார். கோல்கொண்டாவும் டச்சுக்காரரும் இணைந்து முற்றுகையிட, 1674 செப்டம்பரில் பட்டினியில் சரணடைந்தார். வலிந்து பிடித்த சாந்தோம் இரண்டு ஆண்டுகளில் இழக்கப்பட்டது. அதே காலத்தில், முற்றுகையில் சிக்கியவர்களுக்கு உணவும் உதவியும் கேட்டு வாலிகண்டபுரம் சென்ற தூதின் பயனாகக் கிடைத்த புதுச்சேரி நிலைத்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்தால் வேறு வாதமே வேண்டியதில்லை.

தரங்கம்பாடிக்கு இன்னும் வியப்பான ஒரு சான்று உண்டு. 1639-இல் புறப்பட்ட கப்பல்களுக்குப் பிறகு, 1669 வரை டென்மார்க்கிலிருந்து வேறு ஒரு கப்பலும் வரவில்லை. அக்காலத்தின் முடிவில் அங்கே எஞ்சியிருந்த டேனியர் எஸ்கில் கோங்ஸ்பாக்கே ஒருவர்தான். தாய்நாடு ஏறத்தாழ 30 ஆண்டுகள் மறந்துவிட்ட ஊர், உள்ளூர் வணிகத்தாலும், போர்த்துகீசிய-இந்தியக் கலப்பினத்தவரையும் உள்ளூராரையும் கொண்ட காவற்படையாலும், வங்காளக் கப்பல்களைப் பறித்த வருமானத்தாலும் உயிர்வாழ்ந்தது. நிறுவியதாகச் சொல்லப்படும் நாடு முற்றிலும் விலகிய பின்னும் ஊர் நின்றது என்றால், அதைத் தாங்கி நின்றவை வேறு.

5. கரையின் விதியை உள்நாட்டுக் கோட்டைகள் முடிவு செய்தன

கடலைப் பார்த்தவாறே வரலாறு எழுதுவோர், துறைமுகத்தின் முதுகை மறந்துவிடுகின்றனர். கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி, மணிமுத்தா ஆறுகள் வெள்ளாற்றோடு கலந்து பரங்கிப்பேட்டையில் கடலை அடைகின்றன. போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் டேனியரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்துப் பண்டகசாலை வைத்த அத்துறைமுகத்தின் வளம், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வயல்களோடும் பாதைகளோடும் பிணைந்தது. சேலத்து மேட்டுநிலத்திலிருந்து கடற்கரைக்கு இறங்கும் வழியைக் காத்து நின்றது தியாகதுருகம் கோட்டை.

இப்பிணைப்பு வெறும் நிலவியல் அன்று என்பதை 1760-ஆம் ஆண்டு காட்டியது. வந்தவாசியில் தோற்ற பிரெஞ்சுத் தளபதி லாலி, ஆங்கிலேயரின் முற்றுகை புதுச்சேரியை நெருங்கியபோது மைசூரின் ஹைதர் அலியோடு உடன்பாடு செய்தார். அரிசியும் மாடுகளும் குதிரைப்படையும் மைசூரிலிருந்து வரவேண்டும். அதற்கு ஈடாகத் தியாகதுருகத்தையும் எலவானாசூர்க் கோட்டையையும் பிரெஞ்சுக்காரர் விட்டுக்கொடுக்க வேண்டும். ஹைதரின் படை வந்தது, ஒரு போரில் வென்றது, ஆனால் மைசூரில் எழுந்த சிக்கலால் திரும்பிச் சென்றது. உள்நாட்டிலிருந்து வந்த உணவுப் பாதை அறுந்த புதுச்சேரி, 1761 ஜனவரி 16 அன்று பசியால் சரணடைந்தது. பிரெஞ்சு இந்தியாவின் தலைநகரைக் காப்பாற்றும் விலையாக இரண்டு கள்ளக்குறிச்சிப் பகுதிக் கோட்டைகள் மதிப்பிடப்பட்டன என்றால், அப்பகுதி வரலாற்றுக்கு வெளியே இருந்தது என்று எவ்வாறு கூற முடியும்?

இதற்கு முன்னும் இதுவே நிகழ்ந்தது. 1693-இல் டச்சுக்காரர் புதுச்சேரியைக் கைப்பற்றும் முன், செஞ்சியில் முகலாயரின் நீண்ட முற்றுகையில் பணமின்றித் தவித்த மராட்டிய மன்னர் இராஜாராமின் இசைவைப் பணம் கொடுத்துப் பெற்றனர். கடலில் வலிமை மிகுந்திருந்தும், நிலத்தின் அதிபதி கையெழுத்தின்றி அவர்கள் அசையவில்லை.

6. மலை மக்கள் வரலாற்றின் ஓரத்தில் நின்றவர்கள் அல்லர்

கடலோடிகளை மையமாக்கும் வரலாறு கல்வராயன் மலையைப் பற்றி என்ன சொல்கிறது? எதுவும் சொல்வதில்லை. ஆனால் கரையில் ஐந்து ஐரோப்பியக் கொடிகள் மாறி மாறிப் பறந்த முந்நூறு ஆண்டுகளிலும், இம்மலை தனக்கென ஓர் ஆட்சிமுறையைத் தொடர்ந்தது. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாகத் தம் மரபைக் கூறும் மலையாளிப் பழங்குடியினர் வாழும் இம்மலை, சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்களாக (வரி தண்டும் உரிமையோடு பரம்பரையாக ஆளப்பட்ட நிலப்பகுதிகளாக) இருந்தது. தங்கள் உரிமை கிருஷ்ணதேவராயர் காலத்து மானியத்திலிருந்து வந்தது என்று ஜாகீர்தார்கள் கூறினர். நாயக்கர், பீஜப்பூர், மராட்டியர், முகலாயர், நவாப், பிரெஞ்சு, ஆங்கிலேயர் என அடிவாரத்தில் ஆட்சி மாறியபோதெல்லாம் மலை தன் ஏற்பாட்டைத் தக்கவைத்தது. 1976-இல்தான் அரசு ஜாகீர்களை நேரடியாக எடுத்துக்கொண்டது.

இதைப் பெருமைக்குரிய சுதந்திரமாக மட்டும் சித்திரிப்பதும் தவறாகும். ஜாகீர்தார்களுக்கு ஊதியமின்றி உழைத்த குடும்பங்களின் துயரமும், சாலையும் பள்ளியும் மருத்துவமும் எட்டாமல் கழிந்த தலைமுறைகளும் அவ்வரலாற்றின் பகுதிகள். ஆனால் துயரத்துக்கும் வரலாறு உண்டு. யார் வரி வாங்கினர், யார் உழைத்தனர், எவ்வாறு அம்முறை நான்கு நூற்றாண்டுகள் நீடித்தது என்ற கேள்விகளை எழுப்பாத வரலாறு, அம்மக்களை இரண்டாம் முறையும் உரிமையற்றவர்களாக்குகிறது.

7. ‘அப்படியானால் பழியும் உள்ளூராருக்குத்தானே?’

இம்மறுப்புக்கு எதிராக எழக்கூடிய மிக வலிமையான வாதம் இதுவே: உள்ளூர் ஆட்சியாளரும் வணிகரும் நெசவாளரும் இல்லாமல் ஐரோப்பியர் நிலைத்திருக்க முடியாது என்றால், குடியேற்ற ஆட்சிக்கான பொறுப்பும் அவர்களையே சேரும் என்பது அது. இவ்வாதம் இரண்டு வேறுபாடுகளை அழித்துவிடுகிறது.

முதலாவது, காலத்தின் வேறுபாடு. வணிகம் செய்ய இடம் கொடுத்த 1620-க்கும் 1639-க்கும் 1673-க்கும், நிலவரி தண்டும் பேரரசாக ஆங்கிலேயக் குழுமம் மாறிய பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட தொலைவு உண்டு. ஷேர்கான் லோடி விருந்தினருக்குக் கொடுத்த இடத்திலிருந்து, பின்னாளில் எழுந்த ஆதிக்கத்துக்கு அவரைப் பொறுப்பாக்குவது காலத்தைப் பின்னோக்கிப் படிப்பதாகும்.

இரண்டாவது, மக்களிடையிலான வேறுபாடு. இடைநின்றவர்கள் எல்லோரும் ஒரே பயனைப் பெறவில்லை, ஒரே விலையையும் கொடுக்கவில்லை. 1659-61-இல் போரும் பஞ்சமும் தஞ்சை நாட்டைச் சூழ்ந்தபோது, பசியால் விற்கப்பட்டவர்களை டச்சுக்காரர்கள் அடிமைகளாகக் கடல்கடந்து கொண்டுசென்றனர். அம்மக்கள் எந்த உடன்படிக்கையிலும் கையெழுத்திடவில்லை. உயர்நிலையிலிருந்த வணிகருக்கும் பாதுகாப்பு இல்லை: புதுச்சேரியின் தலைமைத் துபாஷியான நைனியப்பப் பிள்ளை, ஆளுநர் எபேரின் காலத்தில் 1716-இல் கைதாகித் தண்டிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு சிறையிலேயே இறந்தார். பின்னர் பிரான்சில் முறையிடப்பட்டு அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது, ஆனால் அப்போது அவர் உயிரோடு இல்லை. நகரைத் தாங்கியவர்கள் எவ்வளவு இன்றியமையாதவர்களோ, அவ்வளவு எளிதில் அந்நகராலேயே நசுக்கப்படக்கூடியவர்களாகவும் இருந்தனர். உள்ளூராரின் பங்கை எடுத்துரைப்பது பழியைக் கைமாற்றுவதற்காக அன்று. எவர் எதைச் செய்தார், எவர் எதை இழந்தார் என்று பிரித்தறிவதற்காகவே. ‘ஐரோப்பியரே படைத்தனர்’ என்ற கருத்து, புகழோடு சேர்த்து இப்பிரித்தறிதலையும் இல்லாமல் ஆக்குகிறது.

தவறான வரலாற்றின் விளைவுகள்

இது கடந்த காலத்தைப் பற்றிய வெறும் கருத்து வேறுபாடு என்று ஒதுக்க முடியாது. நகரங்கள் வெளியிலிருந்து வந்த தனிமனிதர்களின் படைப்பு என்று நம்பும் சமூகம், வளர்ச்சியும் அவ்வாறே வரும் என்று காத்திருக்கப் பழகுகிறது. கடற்கரையில் பாரம்பரியக் கட்டடங்களுக்குப் பலகை வைக்கப்படுகிறது. தரங்கம்பாடியின் டேன்ஸ்போர்க் கோட்டையும் புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்களும் பேணப்படுகின்றன. பேணப்படுவது நன்றே. ஆனால் அவற்றுக்கு உணவும் துணியும் அனுப்பிய, அவற்றின் போர்களில் தன் கோட்டைகளைப் பணயமாகக் கொடுத்த உள்நாடு அப்பலகைகளில் இடம் பெறுவதில்லை. அதன் விளைவாகக் கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும் பொதுவெளியில் பேசப்படும் தருணங்கள், 2024 ஜூனில் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் உயிர்களைப் பறித்ததைப் போன்ற பேரிடர்களாகவே அமைகின்றன. வரலாறு அற்றதாகக் கருதப்படும் நிலப்பரப்பை இரங்கத்தக்கதாகவோ அஞ்சத்தக்கதாகவோ மட்டும் பார்ப்பது எளிதாகிவிடுகிறது; அதன் மக்களை உரிமையுள்ள குடிமக்களாகப் பார்ப்பது கடினமாகிவிடுகிறது.

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பின்னும், அம்மாவட்டத்தின் பள்ளிகளில் தரங்கம்பாடியும் சென்னையும் புதுச்சேரியும் மாலுமிகளின் பெயர்களால் மட்டுமே கற்பிக்கப்படுவது நியாயமற்றது. வாலிகண்டபுரத்தின் ஆளுநர், செஞ்சியின் ஆட்சி மாற்றங்கள், தியாகதுருகத்தின் உடன்பாடு, வெள்ளாற்றுப் படுகையின் வணிகம், மலையின் ஜாகீர்கள் ஆகியவை ஒரே பாடத்தில் இடம்பெற வேண்டும். துறைமுகப் பலகைகளில் கவுல் கொடுத்தவர், முன்பணம் திரட்டியவர், துணி நெய்தவர் ஆகியோரும் குறிக்கப்பட வேண்டும். கெட்டேயும் டேயும் மார்த்தேனும் அவற்றிலிருந்து நீக்கப்பட வேண்டியதில்லை. இடம் கேட்டு வந்தவர்களாக, கடன் வாங்கியவர்களாக, வாடகை செலுத்தியவர்களாக அவர்கள் தங்கள் உண்மையான அளவில் நிற்கட்டும். லா இசபெலாவின் சிதைவுகள் உலகுக்குச் சொல்லும் பாடமும் தரங்கம்பாடியின் முப்பது ஆண்டுத் தனிமை சொல்லும் பாடமும் ஒன்றே: எந்தக் குடியிருப்பும் அதைத் தாங்கும் நிலத்தின் மக்களால்தான் நிலைக்கிறது. அம்மக்களை விட்டுவிட்டு எழுதப்படும் எந்த நகர வரலாறும் முழுமையற்றது என்று சொல்வது போதாது. அது தவறானது என்றே சொல்ல வேண்டும்.